கட்டியவர்களும் காத்தவர்களும்: பாசடீனாவின் கேம்பிள் இல்லம்

'பங்களா' என்றதும் நம் மனதில் எழும் படம் ஒன்று உண்டு. பெரிய கேட், உள்ளே நீண்ட பாதை, சுற்றிலும் மரங்கள், நடுவே வசதியானவர் வீடு. ஆனால் இந்தச் சொல் பிறந்தது வங்காளத்தில். 'பங்களா' என்றால் வங்காளத்துப் பாணி வீடு என்பதுதான் பொருள். சரிவான கூரை, அதைச் சுற்றித் தாழ்வாரம், பெரும்பாலும் ஒரே தளம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் அந்த அமைப்பைத் தங்கள் குடியிருப்புகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். வீட்டோடு சொல்லும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனது.

போன இடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. நாம் பங்களா என்ற சொல்லைப் பணக்கார வீட்டுக்கு வைத்துக்கொண்டோம். அமெரிக்கர்களோ நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய சிறிய மரவீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். முன்னால் அகலமான தாழ்வாரம், தாழ்ந்து இறங்கும் கூரை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைமரங்கள், உள்ளே மரவேலை நிறைந்த ஒரு கூடம். 1905 முதல் 1920 வரையிலான ஆண்டுகளில் கலிபோர்னியாவில் இத்தகைய வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. இந்தப் பாணிக்குக் 'கிராஃப்ட்ஸ்மன்' என்று பெயர். கைவினைஞன் வீடு என்று சொல்லலாம்.

அந்தப் பாணியின் உச்சம் என்று கட்டடக் கலைஞர்கள் சுட்டிக்காட்டும் வீடு லாஸ் ஏஞ்சலீஸை அடுத்த பாசடீனா நகரில் இருக்கிறது. 1908இல் கட்டத் தொடங்கிய கேம்பிள் இல்லம் அது. நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் கலிபோர்னியாவில் இருக்கிறார்கள். பேரக்குழந்தைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு முற்பகலை ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடம்தான். ஆனால் இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அது மட்டுமல்ல. நன்றாகக் கட்டிய வீடு தானாகவே நூறாண்டு நின்றுவிடும் என்று நாம் நினைக்கிறோம். கேம்பிள் இல்லத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

இயந்திரத்துக்கு எதிரான ஒரு குரல்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொழிற்சாலைகள் பெருகின. நாற்காலி, தட்டு, திரைச்சீலை எல்லாம் மலிவாகக் கிடைத்தன. கூடவே, செய்கிறவனுக்குத் தன் வேலையில் இருந்த பெருமை காணாமல் போனது. இதைக் கண்டு கொதித்தவர் ஜான் ரஸ்கின். அவர் வழியில் வந்த வில்லியம் மோரிஸ் 1861இல் நண்பர்களோடு சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, மேசை, நாற்காலி, சுவர்த்தாள், துணி, வண்ணக் கண்ணாடி எல்லாவற்றையும் கைவினைஞர்களைக் கொண்டு செய்தார். இதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' இயக்கம். பொருள் எதனால் ஆனதோ அதை மறைக்காதே, எப்படிச் செய்யப்பட்டதோ அதை ஒளிக்காதே, தேவையற்ற அலங்காரத்தை ஒட்டாதே. இயக்கத்தின் சாரம் இவ்வளவுதான்.

இந்த இயக்கத்தில் தமிழர் ஒருவருக்கும் இடமுண்டு. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சர் முத்து குமாரசுவாமியின் மகன். இந்த இயக்கத்தின் முன்னணிக் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான சி. ஆர். ஆஷ்பி, இங்கிலாந்தின் பிராட் கேம்ப்டன் கிராமத்தில் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயம் ஒன்றைக் குமாரசுவாமிக்கு வீடாகப் புதுப்பித்துக் கொடுத்தார். இலங்கையின் கைவினைகளைப் பற்றிக் குமாரசுவாமி எழுதிய பெரிய நூல், மோரிஸ் பயன்படுத்திய அதே கை அச்சு இயந்திரத்தில் அச்சாகி 1908இல் வெளிவந்தது. கேம்பிள் இல்லத்தின் கட்டுமானம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டு ஆஷ்பி பாசடீனாவுக்கு வந்தபோது அந்த வீட்டை வடிவமைத்த சார்லஸ் கிரீனைச் சந்தித்து, அவர் வேலையை மிகவும் பாராட்டி எழுதினார்.

அமெரிக்காவில் இந்தக் கருத்துகளைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கஸ்டாவ் ஸ்டிக்லி. மரச்சாமான் செய்பவர். 1901இல் 'தி கிராஃப்ட்ஸ்மன்' என்ற மாத இதழைத் தொடங்கினார். வீட்டு வரைபடங்களையும் அதில் வெளியிட்டார். 'கிராஃப்ட்ஸ்மன் வீடு' என்ற பெயர் நிலைத்தது அந்த இதழால்தான்.

தச்சுப் பட்டறையில் தொடங்கிய கல்வி

கேம்பிள் இல்லத்தை வடிவமைத்தவர்கள் சார்லஸ் சம்னர் கிரீன், ஹென்றி மேதர் கிரீன் என்ற சகோதரர்கள். மூத்தவர் 1868இலும் இளையவர் 1870இலும் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர்கள். சிறு வயதில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியில் படித்தார்கள். பாடப் புத்தகத்தோடு தச்சு, உலோக வேலை, கருவிகளைக் கையாளுதல் ஆகியவையும் அங்கே பாடம். பிறகு பாஸ்டனில் எம்.ஐ.டி.யில் கட்டடக் கலை படித்தார்கள். மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடும், ஈரத்தில் எப்படி உப்பும், வெயிலில் எப்படிச் சுருங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கை அனுபவமாகத் தெரிந்திருந்தது. வரைபடத்தில் கோடு போடுவதற்கு முன் உளி பிடித்தவர்கள்.

பெற்றோர் பாசடீனாவில் குடியேறியிருந்ததால் 1893இல் இருவரும் அங்கே கிளம்பினார்கள். வழியில் சிகாகோ உலகக் கண்காட்சி. விவேகானந்தர் உரையாற்றிய சர்வசமய மாநாடு நடந்தது அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான். அங்கே ஜப்பான் அரசு ஒரு மண்டபத்தைக் கட்டியிருந்தது. அகன்ற கூரை, வெளியே தெரியும் மரச்சட்டங்கள், தோட்டத்தை நோக்கித் திறக்கும் அறைகள். ஜப்பானிய மரவேலையின் பாதிப்பு பின்னாளில் அவர்கள் கட்டிய வீடுகள் எல்லாவற்றிலும் தெரிகிறது.

அவர்கள் தேடிய தரம் கிடைக்கக் கைகளும் தேவைப்பட்டன. ஸ்வீடனிலிருந்து வந்த பீட்டர் ஹால், ஜான் ஹால் என்ற சகோதரர்கள் அமைந்தார்கள். பீட்டர் வீட்டைக் கட்டினார். ஜான் மரச்சாமான்களைச் செய்தார். கண்ணாடி வேலைக்கு எமில் லாங்கே. இந்தக் குழு 1907 முதல் 1909 வரை அடுத்தடுத்துக் கட்டிய பெரிய வீடுகளைத்தான் இன்று பங்களாக்களின் உச்சம் என்கிறார்கள்.

வீட்டுக்குள்ளே

வீட்டின் சொந்தக்காரர் டேவிட் கேம்பிள். நம் வீட்டு அலமாரிகளில் ஏரியல், டைடு என்று இன்றும் இருக்கிற பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவருடைய மகன். ஓய்வு பெற்றபின், சின்சினாட்டியின் குளிரிலிருந்து தப்பிக்க அவரும் மனைவி மேரியும் பாசடீனாவில் குளிர்கால வீடு கட்ட முடிவு செய்தார்கள். ஊரின் கோடீஸ்வரர் தெருவை விட்டுவிட்டு, அதை ஒட்டிய அமைதியான சிறு தெருவில் மனை வாங்கினார்கள். 1908 தொடக்கத்தில் தோண்டிய அஸ்திவாரம், 1909 தொடக்கத்தில் முழு வீடாகியிருந்தது.

சுமார் 8,100 சதுர அடி. நம் மூன்று படுக்கையறை ஃபிளாட் ஐந்தாறு சேர்ந்தால் வரும் அளவு. ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் அந்தப் பருமன் தெரியாது. கூரைகள் தாழ்வாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். வெளிச்சுவர் முழுக்கப் பச்சை சாயம் ஏற்றிய மரப்பலகைத் துண்டுகள். கீழே ஆற்றுக் கற்களும், சூளையில் அதிகம் வெந்து முறுக்கிப்போன செங்கற்களும். நம் ஊரில் கொத்தனார் ஓரமாகத் தள்ளிவிடும் செங்கல் அது. கிரீன் சகோதரர்கள் அந்தக் கரடுமுரடுக்காகவே அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

வாசற்கதவு மிக அகலம். அதன் கண்ணாடி முழுவதும் கலிபோர்னியாவின் ஓக் மரம் ஒன்று கிளை பரப்பி நிற்கிறது. காலை வெயில் அதில் விழும்போது கூடம் முழுக்கப் பொன்னிறம். உள்ளே கூடத்தின் சுவர்ப்பலகையும் படிக்கட்டும் பர்மா தேக்கு. காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதே காலத்தில், அதே பர்மாக் காடுகளின் தேக்கு ஒரு பக்கம் வங்கக் கடலைக் கடந்து நம் ஊருக்கு வந்தது, இன்னொரு பக்கம் பசிபிக் கரையில் போய் இறங்கியது. சாப்பாட்டு அறை மகோகனி. விருந்தினர் அறையிலும் சமையலறையிலும் மேப்பிள். வெளியே ரெட்வுட். எந்த அறைக்கு எந்த மரம் என்பது வெளிச்சத்தையும் பயன்பாட்டையும் பார்த்து முடிவு செய்தது.

நின்று பார்க்க வேண்டியவை மூட்டுகள். இரண்டு மரங்கள் சேரும் இடத்தைப் பட்டை அடித்து மறைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். இங்கே அந்த இடத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். ஒன்றன் நுனி மற்றதைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கும். பெரிய உத்திரங்களை இரும்புப் பட்டையால் கட்டி, ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். மரச்சாமான்களில் சின்னச் சின்னக் கருங்காலிச் சதுரங்கள் தெரியும். அழகுக்காகப் பதித்தவை போலத்தான் இருக்கும். பலவற்றின் அடியில் திருகாணி இருக்கிறது. மேசைப் பலகையின் ஓரச் சட்டத்தில் அந்தத் திருகாணிக்கான துளையைச் சற்று நீளமாக விட்டிருப்பார்கள். பருவத்துக்குப் பருவம் பலகை உப்பிச் சுருங்கும்போது, திருகாணி அந்த நீளத்துக்குள் நகர்ந்து கொடுக்கும்; பலகை வெடிக்காது. நூறாண்டுக்குப் பிறகும் அந்த மேசைகள் வெடிப்பில்லாமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். இந்த வீட்டில் கூர்மையான விளிம்பு என்று எதுவும் இல்லை. உத்திரமோ, படிக்கட்டுக் கைப்பிடியோ, அலமாரியோ, எல்லா முனையையும் மழுக்கி, கைக்கு இதமாகத் தேய்த்திருக்கிறார்கள். விளக்குகள், கம்பளங்களின் வடிவம், கதவுக் கைப்பிடி எல்லாம் அந்த வீட்டுக்கென்றே வரையப்பட்டவை. மின்விளக்கு அப்போது புதுசு. அதற்கும் மரச்சட்டமும் வண்ணக் கண்ணாடியும் வைத்து விளக்குக்கூண்டு செய்தார்கள்.

ஏ.சி. இல்லாத காலத்துக் குளிர்ச்சி

பாசடீனாவில் கோடை கடுமையானது. வீட்டில் குளிர்சாதனம் கிடையாது. இறவாரத்தைச் சுவரிலிருந்து பல அடி வெளியே நீட்டிவிட்டார்கள். உச்சி வெயில் சுவரைத் தொடாது. குளிர்காலத்துத் தாழ்வெயில் மட்டும் உள்ளே வரும். மூன்றாவது தளத்தில் சுற்றிலும் ஜன்னல் வைத்த ஒரே அறை. அந்த ஜன்னல்களைத் திறந்துவிட்டால் கீழே சேர்ந்த சூடான காற்று படிக்கட்டு வழியாக ஏறி மேலே வெளியேறும்.

மாடியில் படுக்கையறைகளை ஒட்டி மூன்று பெரிய திறந்த தாழ்வாரங்கள். இரவில் கட்டிலைப் போட்டுத் தூங்குவதற்கு. காசநோய் பயமும், தூய காற்றே மருந்து என்ற நம்பிக்கையும் பரவியிருந்த காலம் அது. பலர் உடல்நலத்துக்காகவே பாசடீனாவுக்கு வந்தார்கள். நமக்கு இது புதிதல்ல. கோடையில் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பெரிய வீட்டின் முரண்

உழைப்பவனுக்கு மரியாதை, எளிய வாழ்வு என்று தொடங்கிய இயக்கம், கடைசியில் சோப்புத் தொழிலதிபர் கட்டிய ஓய்வு வீட்டில் உச்சம் தொட்டது. மோரிஸுக்கே இந்தச் சங்கடம் இருந்தது. கையால் செய்த பொருளுக்கு விலை அதிகம். வாங்க முடிந்தவர்கள் பணக்காரர்கள் மட்டும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இதே பாணியின் சிறிய வடிவம் வரைபடப் புத்தகங்கள் வழியாக ஊரெங்கும் பரவியது. சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை தபால் மூலம் வீடே விற்றது. கேட்லாகைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால் மரம், ஆணி, கதவு, ஜன்னல் எல்லாம் ரயிலில் வந்து சேரும். சுமார் 70,000 வீடுகள் இப்படி விற்றதாகக் கணக்கு. அவற்றில் பங்களாக்கள் ஏராளம்.

நம்மைப் போல அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் அந்த ஊரில்தான் பிறந்தது. 1909இல் சில்வேனஸ் மார்ஸ்டன் என்ற கட்டடக் கலைஞர் பாசடீனாவில் செயின்ட் ஃபிரான்சிஸ் கோர்ட்டைக் கட்டினார். ஒரே மனையில் பல சிறு பங்களாக்கள், நடுவே எல்லோருக்கும் பொதுவான முற்றம். 'பங்களா கோர்ட்' என்ற இந்த முறைக்கு அதுவே முதல் உதாரணம் என்கிறார்கள். சொந்தக் கதவு, பொதுத் தோட்டம் என்ற இந்த ஏற்பாடு கலிபோர்னியா முழுக்கப் பரவியது. செயின்ட் ஃபிரான்சிஸ் கோர்ட் மட்டும் நிலைக்கவில்லை. 1920களில் சாலை போடுவதற்காக அதைக் கலைத்துவிட்டார்கள்.

வெள்ளைப் பெயின்ட்

மோஸ்தர் மாற அதிக நாள் ஆகவில்லை. 1915இல் சான் டியாகோவில் நடந்த கண்காட்சிக்குப் பின் ஸ்பானியப் பாணிச் சுண்ணாம்புச் சுவர்களும் சிவப்பு ஓடுகளும் எல்லோரையும் பிடித்துக்கொண்டன. அதே ஆண்டு ஸ்டிக்லி திவாலானார். மறு ஆண்டோடு அவர் இதழும் நின்றது. சார்லஸ் 1916இல் கார்மெல் என்ற கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்தார். கிரீன் சகோதரர்களின் நிறுவனம் 1922இல் கலைந்தது. அவர்களை ஊர் மறந்தது. கறுத்த மரவீடுகளை இருட்டு, பழசு என்றார்கள். பலவற்றை இடித்தார்கள், இடிக்காதவற்றின் மரவேலை மேல் பெயின்ட் அடித்தார்கள்.

கேம்பிள் இல்லமும் அந்த விளிம்புக்கு வந்தது. டேவிட் 1923இலும் மேரி 1929இலும் காலமானார்கள். மேரியின் தங்கை ஜூலியா 1943இல் தாம் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1946இல் மூத்த மகன் செசில் கேம்பிளும் அவர் மனைவி லூயிஸும் குடிவந்தார்கள். ஒரு கட்டத்தில் வீட்டை விற்றுவிடலாமா என்று யோசித்தார்கள். வாங்க வந்தவர்கள் சுற்றிப் பார்த்துக்கொண்டே, உள்ளே மரமெல்லாம் ஒரே இருட்டாக இருக்கிறது, வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். அது காதில் விழுந்ததும் விற்கும் எண்ணத்தையே கேம்பிள் தம்பதியர் கைவிட்டார்கள் என்பது அந்த வீட்டைப் பற்றி இன்றும் சொல்லப்படும் கதை.

தேக்குக்கும் மகோகனிக்கும் மேல் இரண்டு கோட் வெள்ளை அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீடு நின்றிருக்கும். ஆனால் நாம் இன்று பேச எதுவும் இருந்திருக்காது.

காலம் மெல்லத் திரும்பியது. 1940களின் இறுதியில் ஜீன் மர்ரே பேங்ஸ் என்ற பத்திரிகையாளர் கிரீன் சகோதரர்களைத் தேடிப் பிடித்து எழுதத் தொடங்கினார். 1952இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகம் அவர்களுக்குச் சிறப்புப் பாராட்டு அளித்தது. இருவருக்கும் அப்போது எண்பதை ஒட்டிய வயது. ஹென்றி 1954இலும் சார்லஸ் 1957இலும் மறைந்தார்கள். 1966இல் கேம்பிள் குடும்பத்தினர் வீட்டை, அதன் மரச்சாமான்களோடு, பாசடீனா நகராட்சிக்குக் கொடுத்தார்கள். பராமரிப்புப் பொறுப்பில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலைப் பள்ளியும் சேர்ந்துகொண்டது. அந்தப் பள்ளியின் இறுதியாண்டு மாணவர்கள் இருவர் ஆண்டுதோறும் அந்த வீட்டிலேயே தங்கிப் படிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. 1977இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அக்காள் வீட்டின் கதி

பாசடீனாவின் இன்னொரு பகுதியில் பிளாக்கர் இல்லம் இருக்கிறது. 1907இல் அதே கிரீன் சகோதரர்கள் வடிவமைத்தது. அதே ஹால் சகோதரர்கள் உழைத்தது. கேம்பிள் இல்லத்தைவிடப் பெரியது. தரத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதன் விதி வேறு. சொந்தக்காரர்கள் காலமானபின் அகன்ற தோட்டத்தை மனை மனையாகப் பிரித்து விற்றார்கள். அந்த வீட்டுக்கென்றே செய்த மேசை நாற்காலிகள் முற்றத்தில் வைத்துச் சில்லறையாக விலைபோயின.

1985இல் அந்த வீட்டை வாங்கியவர் ஒரு சேகரிப்பாளர். வாங்கிய சில நாட்களில் அங்கிருந்த விளக்குகளும் வண்ணக் கண்ணாடிகளும் கழற்றப்பட்டன. ஒவ்வொன்றாக விற்றால் வீட்டின் விலையைவிட அதிகம் வரும் என்ற கணக்கு. சட்டப்படி அதைத் தடுக்க வழியில்லை. அவர் வீடு, அவர் விளக்கு. ஊர் கொதித்தது. கிரீன் சகோதரர்களின் வீடுகளிலிருந்து இத்தகைய பொருள்களை நினைத்தபடி பெயர்த்து எடுப்பதைக் கட்டுப்படுத்த நகராட்சி அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. 1994இல் வாங்கிய அடுத்த உரிமையாளர்கள் பல ஆண்டுகள் செலவிட்டு, போன விளக்குகளுக்கும் கண்ணாடிகளுக்கும் நகல் செய்து வீட்டை மீட்டெடுத்தார்கள்.

சினிமா ரசிகர்களுக்கு ஒரு தகவல். அதே 1985இல் வெளியான 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் டாக்டர் பிரவுனின் 1955ஆம் ஆண்டு வீடாக வெளியிலிருந்து காட்டியது கேம்பிள் இல்லம். உள்பக்கம் பிளாக்கர் இல்லம். இரண்டும் சேர்ந்து ஒரே வீடாகத் திரையில் நிற்கின்றன. அதே கலைஞர்கள், அதே கைகள், அதே தரம், ஓராண்டு இடைவெளி. ஒன்றில் அசல் பொருள்கள் அசல் இடத்திலேயே இருக்கின்றன; மற்றதில் போனவற்றின் நகல்கள் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தது கட்டுமானம் அல்ல. பின்னால் வந்தவர்கள் எடுத்த முடிவுகள்.

ஒரு சங்கம் காத்த தெருக்கள்

கோடீஸ்வரர் வீடுகளுக்குக் காப்பாற்ற ஆள் கிடைக்கலாம். சாதாரணக் குடும்பங்களின் சிறு பங்களாக்களுக்கு? பாசடீனாவில் 1905க்கும் 1930க்கும் இடையே பெருமளவு கட்டிய எண்ணூறுக்கு மேற்பட்ட சிறு வீடுகள் அடர்ந்த ஒரு பகுதி உண்டு. 1980களில் அங்கே பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பும் போக்கு தலைகாட்டியது. தெருக்காரர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தார்கள். நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கம்தான். கூட்டம் போட்டு, அக்கம்பக்கத்தாரிடம் பேசி, நகராட்சியை நெருக்கினார்கள். 1989இல் அந்தப் பகுதி 'பங்களா ஹெவன்' என்ற பெயரில் நகரின் முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்கே வீட்டை விற்கலாம், வாங்கலாம், உள்ளே மாற்றிக்கொள்ளலாம். தெருவைப் பார்க்கும் முகத்தை மட்டும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

அடுக்குமாடியில் இருந்துகொண்டு இதைப் பாராட்டுவது முரணாகத் தோன்றலாம். எல்லாப் பழைய வீட்டையும் நிறுத்திவைக்க முடியாது. பெருகும் ஊரில் ஜனங்களுக்கு வீடு வேண்டும். எதை இடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று அங்கே இருப்பவர்கள் சேர்ந்து பேசி முடிவெடுத்தார்கள் என்பதுதான் விஷயம். பேசாமல் இருந்திருந்தால் முடிவை வேறு யாரோ எடுத்திருப்பார்கள்.

முடிவில்லாத வேலை

கேம்பிள் இல்லத்தின் அழகான கைமர நுனிகள் கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மழையும் வெயிலும் நேரே அவற்றின்மேல் விழும். வடிவமைத்தவர்கள் அழகுக்காக ஏற்றுக்கொண்ட பலவீனம் அது. நூறாண்டு நெருங்கும்போது பல நுனிகள் உளுத்துப் போயிருந்தன. 2003, 2004ஆம் ஆண்டுகளில் சுமார் 35 லட்சம் டாலர் செலவில் வெளிப்புறம் முழுவதையும் சீர்செய்தார்கள். உளுத்த மரத்தை அப்படியே வெட்டி எறிந்து புதிதாகப் போடுவது சுலபம். அவர்கள் அழுகிய பகுதியை மட்டும் சுரண்டி எடுத்து, மிச்சத்தை எபாக்ஸி செலுத்திக் கெட்டிப்படுத்தி, முடிந்தவரை பழைய மரத்தையே காப்பாற்றினார்கள்.

2025 ஜனவரியில் ஈட்டன் காட்டுத்தீ பக்கத்து ஊரான அல்டடீனாவை விழுங்கியது. அந்தத் தீயில் 9,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அவற்றில் நூறாண்டு கண்ட பங்களாக்களும் உண்டு. கேம்பிள் இல்லம் தப்பியது. மரவீடு ஒன்று 117 ஆண்டு நின்றிருக்கிறது என்றால், அத்தனை ஆண்டுகளிலும் ஏதோ ஒரு நாள் அது இல்லாமல் போயிருக்கலாம் என்றுதான் பொருள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வழிகாட்டியோடு சுற்றிக் காட்டும் வசதி உண்டு. முன்பதிவு செய்துகொள்வது நல்லது. வீட்டோடு சேர்த்துக் கட்டிய கார் ஷெட்தான் இப்போது புத்தகக் கடை. வாசற்கதவின் கண்ணாடியை உள்ளே நின்று பார்க்க மறக்காதீர்கள். படிக்கட்டை ஒட்டி நிற்கும்போது மூட்டுகளைக் கவனியுங்கள்.

கிரீன் சகோதரர்களின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. அது நியாயம். ஆனால் பெயின்ட் டப்பாவைத் திறக்கவிடாத லூயிஸும் செசிலும், வீட்டைச் சாமானோடு ஊருக்குக் கொடுத்த வாரிசுகளும், கைமர நுனியில் குனிந்து உளுத்த மரத்தைச் சுரண்டிய தொழிலாளிகளும் இல்லையென்றால் அந்தப் பெயரை எந்தக் கதவின்மேல் தேடுவது? கட்டியது ஓராண்டு வேலை. காத்தது அதற்குப் பின்னான ஒவ்வோர் ஆண்டின் வேலை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் வாட்டர் புரூஃபிங்கும் பெயின்டிங்கும் அஜெண்டாவில் வரும்போது, கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருக்க இது ஒரு நல்ல காரணம்.